படிப்பு ஏறாத பிள்ளை

"அவனுக்குப் படிப்பு ஏறாது" என்பது வன்னிப் பெருநிலத்தில் அடிக்கடி காதில் விழும் வாசகம். பரந்தன் வயற்கரையிலும், முல்லைத்தீவுக் கடலோரத்திலும், வவுனியாவின் குளக்கட்டுக் கிராமங்களிலும் இவ்வாசகம் ஒரு தீர்ப்பைப் போலவே கூறப்படுகின்றது. கூறுவோர் பகைமையினாற் கூறுவதில்லை. பெற்ற தாயும் கூறுகின்றாள். கற்பிக்கும் ஆசிரியரும் கூறுகின்றார். எனினும் தீர்ப்பு வழங்கப்பட்டபின் விசாரணைக்கு இடமில்லாமற் போய்விடுகின்றது. ஏன் ஏறவில்லை, எவ்வழியால் ஏற்றிப் பார்த்தோம், வேறு வழி உண்டா என்னும் வினாக்கள் அத்துடன் அடங்கிவிடுகின்றன.

வன்னியில் இத்தீர்ப்புக்குத் துணையாக மற்றொரு விளக்கமும் உண்டு. பிள்ளை பேசப் பிந்தினாலோ, கூப்பிட்டால் திரும்பிப் பாராவிட்டாலோ, வகுப்பில் மருண்டு அமர்ந்திருந்தாலோ, அது "பயந்த கோளாறு" எனப்படும். நூல் கட்டுவதும் விபூதி போடுவதும் முன்னைய வழக்கம். போருக்குப் பின்னர், "செல்லுக்குப் பயந்த பிள்ளை", "பங்கருக்குள் வளர்ந்த பிள்ளை" என்னும் விளக்கங்கள் அதனோடு சேர்ந்துகொண்டன. முதலாவது வாசகம் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் வைக்கின்றது. இரண்டாவது, காலத்தின் தலையில் வைக்கின்றது. இரண்டுமே பிள்ளை எவ்வாறு காண்கின்றது, எவ்வாறு கேட்கின்றது, எவ்வாறு கற்கின்றது என்பதை நோக்குவதில்லை. அவ்வாறு நோக்கத் தொடங்கியோர் உலகில் எதனைக் கண்டார்கள், அவர்கள் கண்டது வன்னிக்கு எவ்வாறு பொருந்தும் என்பதே இப்பேச்சின் பொருள்.

1896ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய பிரிங்கிள் மோர்கன் என்பவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ ஏடொன்றில் எழுதினார். பேர்சி என்னும் பெயருடைய அச்சிறுவன் கூர்மையான புத்தியுடையவன். விளையாட்டிலும் தோழர்க்குக் குறைந்தவன் அல்லன். ஆண்டுக்கணக்காகக் கற்பித்தும் அவனால் வாசிக்க இயலவில்லை. தன் பெயரை எழுதும்போதும் எழுத்துகளை இடம் மாற்றிவிடுவான். இலக்கங்களோ அவனுக்கு இடர் தரவில்லை. பெரிய பெருக்கற் கணக்கையும் விரைவாகச் செய்து முடித்தான். கல்வி முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறுமாயின் பாடசாலையிலே மிகச் சிறந்த மாணாக்கன் இவனே என்று அவனுடைய ஆசிரியர் அபிப்பிராயம் கூறியதாகவும் மோர்கன் குறிப்பிட்டார். கண்ணிற் குறையில்லை, அறிவிற் குறையில்லை, முயற்சியிலும் குறையில்லை. எழுத்தை ஒலியாக்கும் வழி ஒன்றுதான் அடைபட்டிருந்தது. இன்று டிஸ்லெக்சியா என்று வழங்கும் வாசிப்பு இடர்பாடு, பிறப்பிலேயே அமையக்கூடியது என்பதை விளக்கிய முதற் குறிப்புகளுள் இது ஒன்று.

வாசிப்பது ஏன் இத்துணைக் கடினமாதல் வேண்டும்? மனிதன் பேசத் தொடங்கியது மிகப் பழங்காலத்தில். எழுத்தோ ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றியது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் எழுத்துக் கற்க வேண்டும் என்னும் நியதி மிக அண்மையில் வந்தது. ஆகவே மூளையில் வாசிப்புக்கென இயற்கை ஒதுக்கிய பகுதி எதுவும் இல்லை. உருவங்களை அடையாளம் காணும் பகுதியையும் பேச்சொலியை ஆராயும் பகுதியையும் இணைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் மூளையில் ஒரு புதிய வாய்க்காலை வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. சிலருக்கு மண் இளகிக் கொடுக்கின்றது. சிலருக்கு வழியிலே பாறை கிடக்கின்றது. பாறை கிடப்பதனால் வாய்க்கால் வெட்ட இயலாது என்று பொருளன்று; நாள் கூடும், கருவி மாறும், பக்கத்தில் நின்று உதவ ஒருவர் வேண்டும்.

தமிழ் எழுத்திலே இந்த உழைப்பு எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். எழுத்துகள் 247. 'கெ', 'கே', 'கை' என எழுதும்போது முதலிலே கண்ணிற் படுவது கொம்பு அல்லது ஐகாரக் குறி. காதிலே முதலில் விழுவதோ ககர ஒலி. 'கொ', 'கோ' என்பவற்றில் உயிர்க்குறி மெய்யின் இரு புறமும் நிற்கின்றது. கண் செல்லும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் இங்கே வேறாகின்றன. ககர எழுத்து ஒன்றே 'கல்', 'தங்கம்', 'அகம்' என்னும் மூன்று சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கின்றது. ழகரமும் ளகரமும் பேச்சிலே பலருக்கு ஒன்றாகிவிட்டன. எழுத்திலோ பிழை பிழைதான். இதன்மேல், வீட்டிலே "வாறன்" என்று சொல்லும் பிள்ளை, புத்தகத்திலே "வருகிறேன்" என்று படிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இவற்றையெல்லாம் தாமறியாமலே கடந்துவிடுகின்றனர். கடக்க இயலாத பிள்ளையைச் சோம்பேறி என்று அடித்தால், ஏற்கெனவே இரட்டிப்பு உழைப்புச் செய்பவனைத் தண்டித்ததாகவே முடியும்.

வன்னி மண்ணுக்கு வாய்மொழிக் கல்வி புதியதன்று. முல்லைத்தீவுப் பகுதியிலே முல்லைமோடி என வழங்கும் கோவலன் கூத்தை அண்ணாவியார் ஒருவர் எவ்வாறு பழக்குவார்? பாட்டைப் பாடிக் காட்டுவார். ஆட்டத்தை ஆடிக் காட்டுவார். பழகுவோன் கேட்டும் கண்டும் காலால் மிதித்தும் கற்றுக்கொள்வான். கொப்பியைத் திறந்தால் தடுமாறும் இளைஞன் விடிய விடியப் பாட்டும் வசனமும் பிழையின்றிச் சொல்வது கூத்துக் களரியிலே வியப்பன்று. மறுநாட் காலையில் அவனையே ஊர் "படிப்பு ஏறாதவன்" என்று சொல்லுமாயின், அச்சொல் அவனுடைய மூளையைப் பற்றியதா, பாடசாலை திறந்து வைத்திருக்கும் ஒரே கதவைப் பற்றியதா என்று கேட்பது நியாயமே.

இங்கே ஒரு தவறான கருத்தையும் விலக்குதல் வேண்டும். சிலர் கண்ணாற் கற்போர், சிலர் காதாற் கற்போர், சிலர் கையாற் கற்போர் என்று பிள்ளைகளை மூன்று கூடைகளிற் பிரித்து, ஒவ்வொரு கூடைக்கும் ஒவ்வொரு முறையாற் கற்பித்தல் வேண்டும் என்னும் கொள்கை ஆசிரியரிடையே பெரிதும் பரவியுள்ளது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஹரோல்ட் பாஷ்லரும் அவருடைய தோழர்களும் இக்கொள்கைக்குரிய ஆதாரங்களைச் சோதித்தபோது, அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதனால் நன்மை விளைகின்றது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளைக்குப் பாடத்தை வாயாற் சொல்லிக் கொடுத்தால் அறிவு தடைப்படாது வளரும், அது அவசியம். ஆனால் வாசிப்பை அவன் கைவிட்டுவிடல் ஆகாது. எழுத்தையும் ஒலியையும் ஒன்றொன்றாக, ஒழுங்காக, அவசரமின்றிப் பல நாள் இணைத்துக் காட்டும் முறையே அவனுக்குரிய மருந்து. சென்னையிலே 1990களின் தொடக்கம் முதல் இயங்கிவரும் மதராஸ் டிஸ்லெக்சியா சங்கம், ஆசிரியர்களைப் பழக்கி இத்தகைய பிள்ளைகளுக்கு உதவுவதையே தன் பணியாகக் கொண்டுள்ளது.

எழுத்திலே மட்டும் இடர்படும் பிள்ளை ஒரு வகை. உலகத்தையே வேறு விதமாக உணரும் பிள்ளை மற்றொரு வகை. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே லியோ கானர் என்னும் வைத்தியர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்கள் மனிதரைக் காட்டிலும் பொருள்களில் ஈடுபட்டனர். நாளாந்த ஒழுங்கு சிறிது மாறினாலும் பெரிதும் கலங்கினர். சிலர் பேசவில்லை, சிலர் கேட்ட சொல்லையே திரும்பச் சொன்னார்கள். ஓட்டிசம் என இன்று இலங்கைத் தமிழில் வழங்கும் நிலை இதுவே. பின்வந்த காலத்தில் ஒரு கொடிய கொள்கை பரவிற்று. தாயின் அன்பு குளிர்ந்தமையாலேயே பிள்ளை இவ்வாறாயிற்று என்று கற்றோரும் நம்பினர். உளவியலாளரும், ஓட்டிசமுடைய மகனின் தந்தையுமான பேர்னாட் றிம்லண்ட் 1964ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி அக்கொள்கையை மறுத்தார். 1977ஆம் ஆண்டில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கல் றட்டரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து, இந்நிலையிற் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு என்று காட்டினர். தாயர்மீது சுமத்தப்பட்ட பழி ஆராய்ச்சியுலகில் இவ்வாறு நீங்கிற்று. "நீ கவனியாமல் விட்டதனால்தான்" என்று மருமகளைக் குற்றஞ்சாட்டும் வீடுகளில் அது இன்னும் நீங்கவில்லை.

இது அருமையாகக் காணப்படும் நிலையன்று. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடைய குழுவினரும் இலங்கையிலே அரைநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதமுள்ள குழந்தைகளைச் சோதித்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய 93 குழந்தைகளுள் ஒன்றுக்கு ஓட்டிசம் இருந்தது.

அத்தகைய மூளை எதனைக் காண்கின்றது என்பதற்கு மாடு வளர்ப்போருக்கு விளங்கக்கூடிய உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டில் பிறந்த ரெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார் மூன்றரை வயதுவரை பேசவில்லை. ஓட்டிசமுடைய அவர் பின்னர் விலங்கியல் விஞ்ஞானப் பேராசிரியரானார். பண்ணைகளிலே மாடுகள் ஒழுங்கையில் நுழைய மறுத்து நின்றன. வேலையாட்கள் அடித்து ஓட்டினார்கள். அம்மையாரோ மாடு செல்லும் ஒழுங்கைக்குள் தாமே இறங்கி, மாட்டின் கண் மட்டத்திலிருந்து நோக்கினார். தொங்கியாடும் சங்கிலி, நிலத்தில் விழுந்த நிழல், தேங்கிய நீரின் மினுக்கம் ஆகியனவே மாடுகளை மருட்டின. மற்றையோர் கண்ணுக்குப் படாத சிறு விபரங்கள் அவர் கண்ணுக்குப் பட்டன. தம் சிந்தனை சொற்களாலன்றிப் படங்களாலேயே நடைபெறுகின்றது என்று 1995ஆம் ஆண்டில் எழுதிய நூலில் அவர் விளக்கினார். ஓட்டிசமுடையோர் யாவரும் தம்மைப் போன்றவரல்லர் என்றும், சிலர் சொற்களாலும் சிலர் வடிவ ஒழுங்குகளாலும் சிந்திக்கின்றனர் என்றும் பின்னர் அவரே திருத்திக் கூறினார்.

சிறு விபரமும் தப்பாது காணும் கண்ணுக்கும், எல்லா ஓசையையும் ஒருங்கே கேட்கும் காதுக்கும் ஒரு விலை உண்டு. தகரக் கூரைமேல் மழை அடிக்க, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, வீதியிலே லொறி செல்ல, ஆசிரியரின் குரல் இவற்றுள் எது என்று பிரித்தறிய இயலாத பிள்ளை காதைப் பொத்திக்கொள்கின்றது. திருவிழா ஒலிபெருக்கிக்கும் வெடிக்கும் அது அலறுகின்றது. அதனை அடம் என்பர் சிலர். பயந்த கோளாறு என்பர் வேறு சிலர்.

இவ்விடத்திலேதான் வன்னியின் தனிச் சிக்கல் எழுகின்றது. காதைப் பொத்தும் பிள்ளை மற்றொன்றும் உண்டு. அப்பிள்ளைக்கு வெடியோசை 2009ஆம் ஆண்டை நினைவூட்டிற்று. அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களில் மக்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால்வரை சென்றனர். இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் வைக்கப்பட்டனர். அம்முகாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அதற்கு முன்னரே, ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் எல்பேர்ட் முதலியோர், இலங்கையின் போர் பாதித்த மாகாணங்களில் 420 பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே பிள்ளைகளுடன் பேசினார்கள். 92 வீதமானோர் குண்டுவீச்சு, செல்லடி, உற்றாரின் மரணம் போன்ற கொடுமைகளை அனுபவித்திருந்தனர். 25 வீதமானோரிடம் மனவடு நோயாகவே நிலைத்திருந்தது. அத்தகைய பிள்ளைகளின் ஞாபகசக்தியும் பாடசாலைப் புள்ளிகளும் தாழ்ந்திருந்தன என்பதும் அவ்வாய்விற் புலனாயிற்று.

எனவே கவனம் சிதறும் பிள்ளை, பேசாத பிள்ளை, ஓசைக்கு நடுங்கும் பிள்ளை என வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தோன்றினும் உள்ளே காரணங்கள் வேறாகலாம். ஒன்று பிறவியமைப்பு, மற்றொன்று பட்ட காயம். சில பிள்ளைகளிடம் இரண்டும் சேர்ந்திருக்கும். பிரித்தறிய உதவும் முதற் கேள்வி எளியது: எப்பொழுது தொடங்கியது? நன்றாகப் பேசி விளையாடிய பிள்ளை ஒரு துயரத்தின் பின் அடங்கிப்போயிற்றா, தீக்கனவு கண்டு எழுகின்றதா? அப்படியாயின் காயத்துக்கு மருந்திட வேண்டும். உளவளத்துணையும் பாதுகாப்பான சூழலும் கிடைத்தாற் பெரும்பாலும் குணமடையும். கைக்குழந்தைப் பருவந்தொட்டே முகம் பாராமலும், பெயர் சொல்லி அழைக்கத் திரும்பாமலும், சுட்டிக் காட்டாமலும் இருந்ததா? அப்படியாயின் அது அதன் இயல்பு. குணப்படுத்தும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. வழிநடத்தும் பேச்சுக்கே இடமுண்டு. இறுதி முடிவு வைத்தியருடையது. எனினும் வைத்தியருக்கு இக்கேள்விகளுக்கு விடை கூறவேண்டியவர் தாய்.

இன்று வன்னிப் பாடசாலைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலானோர் போர் முடிந்தபின் பிறந்தவர்கள். அவர்களுடைய வீடுகளில் இழப்பின் நிழல் இன்னும் இருக்கலாம். அது பிள்ளைகளை வாட்டவுஞ் செய்யலாம். ஆயினும் எதற்கெடுத்தாலும் போரே காரணம் என்று கூறிவிடின், இயல்பிலேயே வேறுபட்ட பிள்ளைக்கு ஐந்து வயதிற் கிடைக்கவேண்டிய உதவி பதினைந்து வயதிலும் கிடையாது. ஆறிவிடும் என்று காத்திருப்பதற்கு அங்கே காயமே இல்லை. காத்திருந்த ஆண்டுகள்தாம் பிள்ளைக்கு நட்டமாகின்றன.

1998ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜூடி சிங்கர் என்னும் சமூகவியலாளர் ஒரு சொல்லைத் தம் ஆய்வில் வழங்கினார். தமிழில் அதனை நரம்பியற் பன்மை எனலாம். காட்டிலே உயிர்வகை பலவாதல் இயல்பாவது போல, மனித குலத்திலே மூளையமைப்புப் பலவாதலும் இயல்பு என்பது அதன் கருத்து. கமக்காரருக்கு இது புதுமையன்று. மானாவாரிக்கு உகந்த மொட்டைக்கறுப்பனை, நீர் கட்டிய வயலில் விளையும் நெல்லோடு ஒப்பிட்டு எவரும் பழிப்பதில்லை. அது அதன் இயல்பு என்று அறிந்து, அதற்குரிய நிலத்தில் விதைக்கின்றனர். எனினும் இச்சொல்லை அழகிய திரையாக்கி அதன் பின்னே துன்பத்தை மறைத்துவிடல் கூடாது. வேறுபட்ட மூளையெல்லாம் மேதையின் மூளையன்று. வாழ்நாள் முழுவதும் துணை வேண்டும் பிள்ளைகளும் இருக்கின்றனர். இரவு தூங்காத பெற்றோரும் இருக்கின்றனர். பன்மையை ஏற்றுக்கொள்வதும் உதவியை வழங்குவதும் ஒரே கடமையின் இரு பாகங்கள்.

அவ்வுதவி எங்கே தொடங்குவது? குழந்தை பிறந்ததும் ஒவ்வொரு தாயின் கையிலும் கொடுக்கப்படும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலே எடைக் கோடு மட்டும் இல்லை. எந்த மாதத்தில் எதனைச் செய்யும் என்னும் குறிப்பும் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் வரும்போது எடையைக் கேட்பது போலவே பேச்சையும் பார்வையையும் கேட்டறிதல் நன்று. ஐயம் எழுந்தால் முதலிற் செய்யவேண்டியது காதையும் கண்ணையும் சோதிப்பித்தல். காது கேளாத பிள்ளையும் கூப்பிட்டாற் திரும்பாது. கண் தெளியாத பிள்ளையும் கரும்பலகையைப் பாராது. பின்னர் மாவட்ட வைத்தியசாலையிலே சிறுவர் வைத்தியரையோ உளநலப் பிரிவையோ நாடலாம்.

பாடசாலையிலே செலவின்றிச் செய்யக்கூடியவை பல. ஓசைக்கு அஞ்சும் பிள்ளையைக் கதவோரத்திலிருந்து மாற்றி அமர்த்தலாம். இன்று என்ன பாடம், அதன்பின் என்ன என்பதைச் சிறு படங்களால் முன்கூட்டியே காட்டலாம். அமர்ந்திருக்க இயலாத பிள்ளைக்குக் கொப்பி பகிரும் வேலையைக் கொடுத்து நடக்கவிடலாம். வாசிப்பில் இடர்படும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தி உரத்து வாசிக்கச் செய்யாது, விடையை வாயாற் கேட்டுப் பார்க்கலாம். பரீட்சைகளிலே விசேட தேவையுடையோருக்கு மேலதிக நேரம் போன்ற வசதிகளுக்கு இடமுண்டு. பிள்ளையின் இடர்பாடு உரிய காலத்தில் இனங்காணப்பட்டாற்றான் அதிபர் வழியாக விண்ணப்பிக்க இயலும். இனங்காணப்படாத பிள்ளைக்குச் சலுகையும் இல்லை, சாட்சியும் இல்லை. தோல்வி ஒன்றே மிஞ்சுகின்றது.

இலங்கையிலே 1945ஆம் ஆண்டு முதல் கல்வி இலவசமாயிற்று. 5 வயது தொடக்கம் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என 2016ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. உடலாலோ உளத்தாலோ வேறுபட்டோர் கல்வியில் ஒதுக்கப்படலாகாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. சட்டம் பிள்ளையைப் பாடசாலை வாயில்வரை கொண்டுவந்துவிடும். வாயிலுக்குள்ளே அப்பிள்ளைக்கு விளங்கும் வழியிற் கற்பிப்பது மனிதர் செய்யவேண்டிய காரியம்.

வன்னி மக்கள் பாழ்பட்ட வயலை மீண்டும் வயலாக்கியவர்கள். நீர் ஏறாத மேட்டைக் கண்டால் "இம்மண் ஆகாது" என்று அவர்கள் விட்டுவிடுவதில்லை. வாய்க்கால் எவ்வழியாற் செல்லலாம் என்றே நோக்குகின்றனர். படிப்பு ஏறாத பிள்ளையைக் காணும்போதும் அதே நோக்கு வேண்டும். "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்னும் வாசகத்தை விடுத்து, "அவனுக்கு எவ்வழியால் ஏறும்?" என்று கேட்கத் தொடங்கும் வீட்டிலும் வகுப்பிலும் அப்பிள்ளையின் கல்வி தொடங்குகின்றது.